பிடிபட்ட பூண்டு

"இன்னைக்கு ஒரு திருடனைப் பிடிச்சேன் குட்டி!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த அண்ணன், செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணா? போட்டோ போட்டியிலயா?"

"பின்னே? நான் நடுவரா உட்கார்ந்தா சும்மாவா! நல்லவேளை, நீ எதையும் அனுப்பி என் மானத்தை வாங்கல."

அண்ணன் ஸ்டூடியோ முதலாளி. ஆளுயர விளக்குகளும் வெளிச்சம் பரப்பும் குடைகளுமாக இடத்தை அடைத்து வைத்திருப்பவர். வெளிச்சம் போடுவதில் அவரை விட்டால் ஆளில்லை; இப்படிச் சொல்பவரும் அவரேதான்.

தங்கைக்குப் படம் எடுப்பது பொழுதுபோக்கு. ஒரு பழைய கேமரா, ஒரு மேஜை விளக்கு, வெளிச்சத்தை மென்மையாக்க அதன் முன்னால் துணி கிளிப்பில் தொங்கும் பட்டர் பேப்பர், நிழலைக் குறைக்க டிவி பெட்டியோடு வந்த தெர்மாகோல். அதைப் பிடித்துக்கொண்டு கை கடுக்க நிற்க ஒரு கணவர். அவ்வளவுதான் அவளுடைய ஸ்டூடியோ.

"உங்க ஸ்டூடியோவுல என்னையும் படம் எடுக்க விடுங்கண்ணா" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "டேபிள் லேம்ப்புக்காரிக்கு அங்க என்ன வேலை? வேணும்னா வந்து, வர்ற போனை எடுத்துப் பேசு" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஆசை மட்டும் விட்டுத் தொலையவில்லை.

"திருடன்னீங்களே, என்ன பண்ணான்?"

"வீட்டு விளக்குல மட்டும்தான் எடுக்கணும்னு போட்டி. பேரையெல்லாம் மறைச்சுட்டு படத்தை மட்டும் எங்ககிட்ட கொடுப்பாங்க. அதுல ஒண்ணு, முழுசா ஒரு பூண்டு. வேற எதுவும் இல்ல. ஆனா அடேயப்பா! பின்னாலேருந்து வெளிச்சம் ஊடுருவி, தோல் ஒவ்வொண்ணும் பட்டுத்துணி மாதிரி மின்னுது. உள்ள இருக்கிற பல்லெல்லாம் நிழலாத் தெரியுது. மத்த ரெண்டு நடுவரும் இதுக்குத்தான் முதல் பரிசுன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க."

"அப்புறம்?" அவள் கையிலிருந்த துணி பாதி மடிப்போடு நின்றது.

"நான் விடுவேனா? இது அப்பட்டமான ஸ்டூடியோ லைட்டு, யார் காதுல பூ சுத்தறீங்கன்னேன். போட்டியை விட்டே தூக்கிட்டாங்கல்ல!"

"அடப்பாவமே!" என்றார் கணவர். இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே உட்கார்ந்திருந்தது.

"ஒருவேளை, நிஜமாவே டேபிள் லேம்ப்புல எடுத்திருந்தா?" என்றாள் தங்கை.

"போடி இவளே! ஒரு நிழலைப் பார்த்தாலே அது எந்த விளக்குன்னு சொல்லிடுவேன் நான். உன் விளையாட்டெல்லாம் எங்க, அது எங்க? மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

தங்கை கோபித்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் முகமோ பூரித்துக் கிடந்தது.

"அப்போ படம் நல்லாத்தான் இருந்துச்சுங்கிறீங்க?"

"நல்லாவா? நான் எடுத்திருந்தா ஃப்ரேம் போட்டு ஸ்டூடியோ வாசல்லயே மாட்டியிருப்பேன். உண்மையைச் சொன்னா, பொறாமையாவே இருந்துச்சு."

அவள் எழுந்துபோய், கேட்காமலேயே அண்ணனுக்குக் காபி கொண்டுவந்தாள். அதில் வழக்கத்தைவிடச் சர்க்கரை கூடுதல். பரிசு கிடைத்தவளுக்குக்கூட அப்படியொரு பெருமிதம் முகத்தில் வராது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் கணவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார்.

"இன்னைக்கு என்ன, தடபுடலா கவனிக்கிறே?" என்று காபியை உறிஞ்சிய அண்ணனுக்கு உற்சாகம் தலைக்கேறியது. "திருட்டுப்பயலா இருந்தாலும் கைகாரன்தான். அவன் மட்டும் ஒரு டேபிள் லேம்ப்பும் அதே பூண்டுமா என் முன்னால வந்து, இப்படி ஒரு படம் எடுத்துக் காட்டட்டும். முதல் பரிசையும் வாங்கிக் கொடுத்து, ஸ்டூடியோ கேமராவையும் அவன் கையிலயே கொடுத்துடறேன். சத்தியமா சொல்றேன், மாப்பிள்ளை. நீங்கதான் சாட்சி!"

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"டேபிள் லேம்ப் தயாரா இருக்கு மச்சான். ஆனா அதே பூண்டுதான் வேணும்னா கஷ்டம், படம் எடுத்த கையோட வதக்கிச் சாப்பிட்டுட்டோம். வேற பூண்டுன்னா பரவாயில்லையா?"