பெட்டியின் பெயர்

“பெட்டிய அடைச்சிட்டா எல்லாம் போயிரும்னு நெனச்சிருக்காங்க. அந்த லெட்டரு இன்னும் இங்க தொறந்தே கெடக்குண்ணே!”

மலாக்கா தலைமை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சுகுமாரனின் குரல் கைப்பேசியில் எல்லோருக்கும் கேட்டது. தாரணி புரட்டிக்கொண்டிருந்த கோப்பில் விரலை நிறுத்தினாள்.

மெர்லிமாவ் செம்பனை ஆலை அலுவலகத்தில் மேசைக்கு ஒரு சின்னப் பெட்டிதான். வேலையெல்லாம் மலாக்காவில் இருக்கும் பெரிய கணினிக்குள் நடக்கும். நேற்று அவசரத்தில் பெட்டியை அணைத்தவள், அங்கே திறந்திருந்த கடிதத்தை மூட மறந்துவிட்டாள்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயில் எண்ணெய் வாடை, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி என்று பெயர் போடாமல் நிர்வாகத்துக்கு எழுதியது அவள்தான். தெரிந்தால் வேலை போகும். அப்பா வீரமுத்துவுக்குக் கம்பெனி கொடுத்த வீடும் போகும்.

“யாருன்னு சொல்லுலா!” அலுவலகத்தின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி பாலகிருஷ்ணன் மேசையைத் தட்டினார். “தண்ணி சுத்தமா இருக்குன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். என்னையே பொய்யனாக்கிட்டாங்க! நிர்வாகத்துலேர்ந்து திலகா மேடமும் லைன்ல இருக்காங்க, கேக்கட்டும்.”

சுகுமாரன் சொன்னான்: “எல்லாரும் ஒரே பேர்லதான் உள்ள வர்றீங்க. கம்ப்யூட்டர் பேரப் பாத்தா இந்தப் பெரிய மெஷின் பேரத்தான் காட்டுது. எந்தப் பெட்டியிலேர்ந்து வந்தாங்கன்னு தனியாத் தேடணும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் மொதல்ல மாட்டுனப்பவே நான் மேசைப் பேரு போட்டு வச்சிருக்கேன்.”

தாரணி நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். போன மாதம் ஆயுத பூஜைக்குக் கிராணியே எல்லாப் பெட்டிகளையும் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, பொட்டு வைத்து, ‘எல்லாம் ஒண்ணுதான்லா’ என்று கைக்கு வந்தபடி திரும்ப மாட்டிவிட்டிருந்தார். அவள் மேசைப் பெட்டியில் குங்குமம் இன்னும் அழியவில்லை. தாயே, காப்பாத்து என்று அதைப் பார்த்தே வேண்டிக்கொண்டாள்.

கிராணியின் பார்வை அவள்மேல் வந்து நின்றது. மனுஷனுக்கு மோப்பம் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஏம்மா இப்படி வேர்க்குது?”

“ஏர்கோன் பத்தல அங்கிள்.”

“பேரு கெடச்சிருச்சு.” சுகுமாரன் தயங்கினான். “அண்ணே, ஸ்பீக்கர அடைச்சிட்டுப் பேசுவோமா?”

“எதுக்கு? எல்லார் முன்னாலயும் சொல்லு!”

தாரணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் மனத்தில் ஓடியது.

“பெரிய கிராணி மேசைன்னு இருக்குண்ணே.”

எல்லோரும் கிராணியைத் திரும்பிப் பார்த்தார்கள். தாரணி மெல்லக் கண்ணைத் திறந்தாள். பூஜையன்று அவள் மேசைக்கு மாறி வந்தது கிராணியின் பெட்டி! கிராணியின் முகத்தில் ஈயாடவில்லை.

“மேடம், சத்தியமா நான் எழுதல! தண்ணி நல்லாத்தான் இருக்கு!” என்று கைப்பேசியைப் பார்த்துக் கெஞ்சினார்.

திலகா மேடம் அப்போதுதான் பேசினார்.

“அப்ப நாளைக்கு வர்றேன் பாலகிருஷ்ணன், என் முன்னாடி ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டுங்க.”