மூன்றாவது டேப்

காசிமேட்டில் காலை வெயில் ஐஸ்மேல் பட்டுக் கண் கூசுகிறது. மீன்கார முத்தம்மா ஈரவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எழில்மொழி நீட்டும் போனைத் தொடுகிறாள். அவள் கடைக்காக எழில்மொழி எழுதிய இணையப்பக்கம். இன்று அதில் போணியாகாவிட்டால் வேண்டவே வேண்டாம் என்று முத்தம்மா முன்பே சொல்லியாயிற்று. மேலே வரிசையாக டேப்கள். வஞ்சிரத்தைத் தொட்டால் வஞ்சிரம், நெத்திலியைத் தொட்டால் நெத்திலி. வரிசை அப்படியே நிற்க, கீழே மீன் மட்டும் மாறுகிறது. மூன்றாவதைத் தொட்டதும் எழில்மொழி போனைச் சட்டென்று தன் பக்கம் திருப்புகிறாள். வியாசர்பாடி கால்பந்து அணிக்கு எழுதிய டேப் வரிசையையே எடுத்து இங்கே வைத்தவள், ஒரு பெயரை மாற்ற மறந்திருக்கிறாள். வாய் பிளந்த கொடுவா மீனின் தலைக்குமேல் ‘கோல்கீப்பர்’ என்றிருக்கிறது. பக்கமோ விடிகாலையிலேயே வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் போய்விட்டது. “யக்கா, ஒரு நிமிசம், மாத்திடறேன்.” அதற்குள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் வந்து தன் போனைக் காட்டுகிறார். “யம்மா, இந்த கோல்கீப்பரு மீனு உன்கிட்ட கீதா? ரெண்டு கிலோ போடு.” முத்தம்மா சிரிக்கிற சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரிகள் திரும்பிப் பார்க்கிறார்கள். கொடுவாவைத் தூக்கித் தராசில் போட்டவள், எழில்மொழியின் போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறாள். “அந்தப் பேருல கைய வெச்சே, அவ்ளோதான். போணியே அவன்தான்!”