ஆள் தேவையில்லை

"புரோகிராமை அனுப்பினா போதும் சார். கிளவுட்ல வாடகைக்குக் கிடைக்கிற கிராஃபிக்ஸ் பிராசஸர்ல ஓடிடும். நம்ம மெஷின் ரூமையே மூடிடலாம்," என்றாள் அவள்.

புதிதாக வந்திருந்த மேனேஜர் அவளுடைய அறிக்கையைப் புரட்டினார்.

"பராமரிக்க ஆளே வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. அப்போ கீழே இருக்கிறவரை நிறுத்திடலாம். நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஒருவர் கட்டாயம் தேவை' என்றல்லவா எழுதியிருந்தாள்!

கீழே மெஷின்களின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"காலையில நீ குளிக்கப் போனப்போ அந்த வரியை நான்தான் மாத்தினேன்," என்றான். "எனக்காக நீ பொய் எழுதினது நாளைக்குத் தெரிஞ்சா உன் வேலையும் போயிடும். பாப்பாவுக்கு நம்மள்ல ஒருத்தர் சம்பளமாவது வேணாமா?"

அவள் இன்னொரு துணியை எடுத்து, அவனோடு சேர்ந்து துடைக்க ஆரம்பித்தாள்.