இரண்டாவது பிரேக்

குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். முன்பாதம் மட்டும் கீழே அழுந்த வேண்டும். முன்பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் மகளின் உள்ளங்கை இருக்கும்.

அவர் நாற்காலியில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி அழுத்தினார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய உள்ளங்காலில் உணர்ச்சியே இல்லை. நரம்பு மெதுவாகத்தான் தேறும், தேறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று டாக்டர் பட்டும் படாமலும் சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் கால் அழுந்துகிறதா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. மகள் வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும்.

நாளைக் காலையில் டிரைவிங் ஸ்கூல் முதலாளி வரச் சொல்லியிருக்கிறார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் இருக்குமே இரண்டாவது பிரேக், அதை மிதித்துக் காட்ட வேண்டும். வண்டி நின்றால் வேலை. நிற்காவிட்டால், அந்த இருக்கைக்கு முதலாளி வேறு ஆள் பார்த்து வைத்தாயிற்று.

அந்த மிதியில்தான் இத்தனை வருஷமும் குடும்பம் ஓடியது. ஸ்டியரிங் யார் யார் கையிலோ இருக்கும், உயிர் மட்டும் இவர் காலில்.

பழக்க தோஷம் எங்கே விடும்? பஸ்ஸில் போனாலும் வளைவு வந்தால் கால் தானாகத் தரையை மிதிக்கும். தூக்கத்தில்கூட பிரேக் போடுகிறார், உதை வாங்குவது நான்தான் என்று மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இப்போது அவர் தூக்கத்தில் அசைவதில்லை. அவளும் சிரிப்பதில்லை.

எத்தனையோ கத்துக்குட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கீறல் விழாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவர். அன்றைக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டு, இடம் போதுமா என்று பார்க்கக் கீழே இறங்கி நின்றார். ஒரு நாளும் இறங்காதவர் அன்றைக்கு இறங்கினார். கற்றுக்கொள்ள வந்தவர் கிளட்சைச் சட்டென்று விட்டதும் வண்டி துள்ளிப் பின்னால் வந்தது. பிரேக் போட வேண்டிய கால் வெளியே நின்றது, சக்கரம் அதன் மேலேயே ஏறியது.

பார்க்க வந்தவர்கள், உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். அதைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நடக்க ஒரு ஊன்றுகோல், மற்ற நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கக் கூரை. இனி இந்த ஜென்மத்தில் தன் காலுக்கு எதுவும் கட்டுப்படப் போவதில்லை என்று தோன்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வளர்ந்த மகள் இருக்கிற வீட்டில் வாய்விட்டு அழவும் வெட்கமாக இருந்தது.

இருந்த ஒரே தெம்பு அவளுடைய கைதான். ஆபீஸ் விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அவர் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். முதலில், கையில் காகிதம் விழுந்த மாதிரி இருக்கிறது என்றாள். அப்புறம் பூனை ஏறி உட்கார்ந்த மாதிரி என்றாள். நேற்று, இன்னும் கொஞ்சம் விட்டால் விரல் ஒடிந்துவிடும் போலிருக்கிறதே என்று கையை உதறிக் காட்டினாள். நேற்றுதான் அவர் ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டார்.

இப்போது தொடை நடுங்கியது. வியர்வை புருவத்தைத் தாண்டி வழிந்தது. அவர் விடவில்லை.

"போதும்பா, வலிக்குது."

மகளின் குரல் கம்மியிருந்தது. நிஜமாகவே நசுக்கிவிட்டோமோ என்று பதறிப்போய்க் கண்ணைத் திறந்தார்.

முன்பாதம் வைத்த இடத்திலேயே, அந்தரத்தில், இம்மிகூட இறங்காமல் நின்றது. அதற்குக் கீழே வெறும் தரை. மகள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். தான் பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அந்த நிமிஷத்தில் அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

வேறு ஆளையே போட்டுக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். அதை விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா. கைய மட்டும் எடுத்துடாத."

எடுக்கவில்லை என்றாள் மகள். அவர் தன் பலத்தையெல்லாம் திரட்டி அழுத்தினார்.