பக்கத்து வீட்டு வலை

"என்னங்க, விடிஞ்சா நடுவர்கள் வர்றாங்க! அந்த வலை இன்னும் தொங்கிட்டு இருக்கு. போய் அந்தக் கப்பல்காரரை நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க!"

தையல்கடைக்காரியின் கணவர் பேப்பரை மடித்தார். ஒரு வருஷமாக அவர் கேட்டுவரும் அதே பாட்டுதான். இன்றைக்குத்தான் அதில் நடுவர்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

"கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

"நீங்க கேக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? இங்கேருந்து முறைச்சுட்டுப் போவீங்க, அங்க போய்ச் சிரிச்சுப் பேசிட்டு வருவீங்க."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடலோரத் தெருவில் யார் வீட்டு உயிர்வேலி அழகு என்று போட்டி. அவளுடையது சாதாரணப் பச்சை வேலி இல்லை. ஒவ்வொரு இலைக்கும் பார்டர் வைத்துத் தைத்த மாதிரி வெள்ளை ஓரம். வருஷம் முழுக்க உதிராது.

இரண்டு தடவை வைத்து, இரண்டு தடவையும் உப்புக்காற்றில் கருகிப்போனது. "சாதாப் பச்சையா வாங்கிட்டுப் போங்கம்மா" என்று நர்சரிக்காரர் சொல்லியும் கேட்காமல், மூன்றாவது தடவையும் வீம்புக்கு அதையே வாங்கி வந்து நட்டாள்.

பிடித்துக்கொண்டது! நுனியைக் கிள்ளிக் கிள்ளி வேலியை அடர்த்தியாக்கினாள். வெள்ளையே இல்லாமல் முழுப்பச்சையாக ஒரு கிளை தலைகாட்டினால், விட்டால் அதுவே செடி முழுக்க ஆக்கிரமித்துவிடும் என்று, கடைக் கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கினாள். அந்தக் கத்தரிக்கோலால் இப்போது துணி வெட்ட முடிவதில்லை என்பது வேறு விஷயம்.

எல்லாம் சரி. பின்னணிதான் சரியில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த வீட்டில், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர். அவள் செடி நட்ட வாரமே, வேலி நெடுகக் கம்பு நட்டு, கட்டிடம் கட்டுகிற இடத்தில் தொங்கவிடுவார்களே, அந்தப் பச்சை வலையை ஒன்றரை ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டார்.

"பொறாமைங்க! கடற்கரையில நடக்கிறவங்க கண்ணுல என் வேலி பட்டுடக் கூடாதாம்!"

"மீன் பிடிக்கப் போட்டிருக்காரோ என்னமோ" என்றார் கணவர்.

அவள் பார்த்த பார்வையில் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

இவரை நம்பினால் வேலைக்கு ஆகாது என்று அவளே வேலியருகே போனாள். கணவரும் பின்னாலேயே வந்தார்.

"அண்ணே! வலையை நீங்க கழட்டுறீங்களா, நான் கழட்டட்டுமா?"

கப்பல்காரர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற கணவரைப் பார்த்தார். கணவர் வானத்தைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில கழட்டிடறேன் தங்கச்சி."

"இன்னைக்குக் கழட்டினா என்ன?"

"இடுப்பு வலி. ஏணியில ஏற முடியாது."

"கட்டும்போது மட்டும் இடுப்பு நல்லா இருந்துச்சாக்கும்!"

அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

சொன்னபடி காலையில் வலை இல்லை. வெயில் பட்டு வேலி பளபளத்தது. நடுவர்கள் வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்து பார்த்தார்கள். ஓர் அம்மா இலையைத் தொட்டுத் திருப்பினார்.

"தெருவுல ஒரு வேலி பாக்கியில்லாம ஓரம் கருகியிருக்கு. உங்க வேலி மட்டும் எப்படிம்மா இப்படி?"

"தினமும் பேசுவேன் மேடம். பாசம் வச்சா செடிக்குப் புரியும்!"

கணவருக்கு ஏனோ புரை ஏறியது.

முதல் பரிசு! தெருக்கோடியில் கோப்பை கொடுத்தபோது தெருவே கைதட்டியது. மூன்று தடவை பாடுபட்டது வீண்போகவில்லை என்று கோப்பையைக் கட்டிக்கொண்டு அவள் குதித்த குதியில் செருப்பு அறுந்தது. அறுந்தால் என்ன, வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

வாசலுக்கு வந்தால், டொக், டொக் என்று சத்தம். வேலிக்குப் பின்னால் ஏணி. ஏணி மேல் கப்பல்காரர். கையில் அதே வலை!

கோப்பையும் கையுமாகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ஏண்ணே, நான் ஜெயிச்சது உங்களுக்குப் பொறுக்கலையா? கைதட்டல் அடங்குறதுக்குள்ள மறைக்கணுமா?"

கப்பல்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

"போட்டி முடிஞ்சிருச்சு தங்கச்சி, காத்து முடியலையே. உப்புக்காத்து நேரா அடிச்சா அந்த வெள்ளை ஓரம்தான் முதல்ல கருகுமாம். வேர் நல்லா ஊன்றுற வரைக்கும் வலை காத்தோட வேகத்தைக் குறைச்சு அனுப்பணுமாம்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். அவர் பக்கம் வெறும் மணல். காப்பாற்றுவதற்கு ஒரு புல்கூட இல்லை.

"அப்ப, என் வேலிக்காகவா கட்டினீங்க?" அவள் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே!"

"எனக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்? முன்னாடி செடி கருகினப்ப நீ அழுத அழுகையைத் தாங்க முடியாம, நர்சரியில விசாரிச்சு இதை வாங்கிட்டு வந்தவர் வேற ஆள். 'எங்க பக்கம் கட்டினா அசிங்கமா இருக்குன்னு பிச்சு எறிஞ்சிருவா, உங்க பக்கம் கட்டுங்க, நான்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டார்" என்றபடி கப்பல்காரர் மறுபடி ஏணியில் ஏறினார். "வலை உன் வீட்டுக்காரரோடது தங்கச்சி. திட்டு மட்டும்தான் என்னோடது."