பின்னால் வரும் சொல்

"அஃப்ரெய்ட்?" என்று கேட்டாள் லிட்டியா.

"ஆஃப்!" என்று கத்தினார்கள் பிள்ளைகள், பாய்களில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும்.

"குட்?"

"அட்!"

பத்தாது, எனக்கே கேட்கவில்லை, கூரையைப் பிளக்கிற மாதிரி சொல்லுங்கள் என்றாள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மற்ற நாளில் கத்தினால் முட்டியில் பிரம்பால் போடுகிற டீச்சர் அவள்.

கரும்பலகை முழுக்க ஆங்கிலச் சொற்கள். அவள் ஒன்றைச் சொன்னால் அதற்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்லைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். பேசும்போது எப்படியோ தப்பித்துக்கொள்வார்கள். பரீட்சையில் கட்டுரை எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். ஏன் இதற்குப் பின்னால் இது என்று கேட்டால் அவளிடமும் பதில் கிடையாது. வெள்ளைக்காரன் அப்படி எழுதி வைத்துவிட்டான், மனப்பாடம் பண்ணு, தீர்ந்தது.

ஃபிஜியின் அந்தச் சின்னத் தீவில் சிமெண்டுச் சுவர் வைத்த கட்டடம் இந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். புயல் என்றால் ஊரே இதற்குள்தான் ஒண்டும். ஜன்னல்களுக்கெல்லாம் வெளியிலிருந்து பலகை அடித்தாகிவிட்டது. மிச்சம் மேற்குப் பார்த்த ஒரே ஒரு கதவு.

காலையில் காற்று கிழக்கிலிருந்து அடித்தது. கதவுக்கு ஆபத்தில்லை. மதியம் புயலின் கண் ஊருக்கு மேலே வந்து நின்றது. காற்று சட்டென்று அடங்கி, வெயில்கூட எட்டிப் பார்த்தது.

அது பொய் அமைதி என்று தெரியாத ஆள் அந்தத் தீவில் கிடையாது. தெரிந்தும் போவார்கள். படகென்றால் அந்த ஆண்களுக்கு உயிர், பாழாய்ப்போன உயிர். நான்கு பேர் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்ட ஓடினார்கள்.

மூன்று பேர்தான் திரும்பினார்கள். அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. இந்தத் தடவை மேற்கிலிருந்து, நேராகக் கதவின் மேல்.

ஆண்கள் டெஸ்குகளை அடுக்கி முதுகைக் கொடுத்து நின்றார்கள். கதவு ஒரு சாண் திறந்தாலும் போதும், காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பக்கத்துத் தீவில் அப்படிப் போயிருக்கிறது. கூரை போன பிறகு அங்கே பிள்ளைகளைக் கடற்கரையிலிருந்துதான் பொறுக்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது.

காற்று அப்படித் தட்டாது. கையால் தட்டுகிற தட்டு. கூடவே ஒரு குரல்.

ஊர்த்தலைவர் செமி, கதவில் சாய்ந்தபடியே லிட்டியாவைப் பார்த்தார். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு சாக்பீஸை எடுத்தாள்.

அதிலிருந்து இந்தப் பாடம்தான் நடக்கிறது.

"ஆங்ரி?"

"வித்!"

"லேட்?"

"ஃபார்!"

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கதவில் முதுகு கொடுத்திருந்தவர்களில் ஒருவன் அழுதான். பிள்ளைகளின் கூச்சலில் அதுவும் கேட்கவில்லை. எழுதிய சொற்கள் தீர்ந்துபோயின. லிட்டியா மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். கதவைத் தட்டும் சத்தம் முன்னைவிட மெதுவாக விழுந்தது, ஆனால் நிற்கவில்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. போகாதே என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

முன்வரிசையில் உலமிலா மட்டும் வாயை மூடிக்கொண்டாள். கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள். ஏழு வயது. கெட்டிக்காரி, ஒரு சொல்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

"அம்மா," என்றாள். பள்ளிக்கூடத்துக்குள் லிட்டியாவை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வெளிய அப்பா கூப்பிடுறாரும்மா."

லிட்டியா அவள் முன்னால் மண்டியிட்டாள். சாக்பீஸ் தூள் படிந்த இரண்டு கைகளாலும் அவள் காதுகளை இறுக்கிப் பொத்தினாள். பிள்ளைகளிடம் அடுத்த சொல்லைக் கேட்டாள்.

உலமிலா அம்மாவின் வாயைப் பார்த்துப் பதில் சொன்னாள். மற்ற பிள்ளைகளும் கத்தினார்கள்.

லிட்டியாவின் காதுகள்தான் திறந்தே இருந்தன.