கரை மேல் நின்ற மாமரம்

“இந்த மரத்துல நான் கை வைக்க மாட்டேன் மேடம். வேற ஆளைப் பாத்துக்குங்க.”

மரவெட்டி மோட்டார் ரம்பத்தை நிறுத்தித் தரையில் வைத்தான். வெளியூர்க்காரன். காலையில் வந்ததிலிருந்து அணையின் மண்கரையில் மண்டிக் கிடந்த புதர்களைக் கடகடவென்று வழித்துத் தள்ளியவன், தேநீர்க்கடைக்குப் போய்விட்டு வந்த பிறகு ஆளே மாறியிருந்தான். மிச்சம் இருந்தது கரையின் நடுவில் நின்ற மாமரம் ஒன்றுதான்.

அணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தப் பெண்ணுடையது. வெயிலுக்காகப் போட்டிருந்த தொப்பியைச் சரிசெய்தபடி கேட்டாள்.

“என்ன அண்ணே ஆச்சு? ஒத்துக்கிட்டுத்தானே வந்தீங்க?”

“அப்ப வெறும் மரம்னு நெனச்சேன். இப்பதானே கடையில சொல்றாங்க. அணை கட்டறதுக்கு முந்தி வந்த வெள்ளத்துல ஒரு பொண் கொழந்தை போயிடுச்சாமே. அணை கட்டி முடிச்சதும் அந்தக் கொழந்தை நெனப்பா அதைப் பெத்தவங்க நட்ட மரமாமே இது. நானும் பொண்ணைப் பெத்தவன் மேடம்.”

“இருக்கட்டும். மரம் கரை மேல நிக்கக் கூடாது.”

அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அவனுக்குச் சுருக்கென்றது.

“அது பாட்டுக்கு நிழல் குடுத்துக்கிட்டு நிக்குது. உங்களை என்ன பண்ணுது?”

“மேல நிழல் குடுக்குது. கீழ தண்ணிக்கு வழி குடுக்குது. வாங்க, காட்டறேன்.”

கரையின் வெளிச்சரிவில் அவள் விடுவிடுவென்று இறங்கினாள். முணுமுணுத்துக்கொண்டே அவனும் இறங்கினான். அடியில் ஓரிடத்தில் மண் அரித்துக் குழி விழுந்திருந்தது.

“போன மழைக்கு இங்கதான் கசிஞ்சுது. தெளிஞ்ச தண்ணி வந்தாக்கூட இவ்வளவு பயப்பட மாட்டேன். கலங்கலா வந்துது. அப்படின்னா கரைக்குள்ள இருக்கற மண்ணு கரைஞ்சு வெளிய வருதுன்னு அர்த்தம். வேர் போன பாதையைப் புடிச்சுக்கிட்டுத் தண்ணியும் வருது.”

“தண்ணியா? அந்தப் பக்கம் ஆடு மேஞ்சுக்கிட்டு இருக்கு மேடம்! காலியா கெடக்கற அணைக்குப் போயி...”

“காலியா கெடக்கறதுதான் இதோட வேலை. மலையில பேய்மழை கொட்டினா, வெள்ளம் நேரா ஊருக்குள்ள பாயாம இது வாங்கி வெச்சுக்கும். அப்புறம் அடிக்குழாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும். வருஷம் பூரா சும்மா கெடக்கலாம். அந்த ஒரு மழைக்கு மட்டும் தாங்கியே ஆகணும்.”

அவள் கைநீட்டிய பக்கம் பார்த்தான். அணைக்கு நேர் கீழே ஊர். மொட்டை மாடிகளில் துணி காய்ந்தது. பள்ளிக்கூடத்து மணிச் சத்தம் இங்கேவரை கேட்டது.

அவன் பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்தது.

“சரி, கிளையை மட்டும் கழிச்சு விட்டுடவா?”

“புயல்ல மரம் சாஞ்சா, கரையையும் சேத்துப் பேத்துக்கிட்டுத்தான் விழும்.”

“அப்ப அடிமரத்தையாச்சும் விட்டுவைப்போம். அந்தம்மா வந்து பாத்தா, தொட்டுக்க ஏதாச்சும் இருக்கணுமில்ல?”

செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “வேர் செத்து மக்கிட்டா உள்ள பொந்து விழும் அண்ணே. அது இன்னும் மோசம். மழைக்கு முன்னாடி அடிவேர் வரைக்கும் தோண்டி எடுத்துட்டு, களிமண்ணைப் போட்டு இறுக்கணும்.”

“உங்களுக்கு ஈரமே கிடையாதா மேடம்?”

“கரையில ஈரத்தைப் பாத்துட்டுத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?”

சொல்லிவிட்டுச் சரிவில் ஏறிப் போனாள். அவனும் பின்னாலேயே ஏறினான். மேலே நின்று பார்த்தபோது கரையோரப் பாதையில் கூட்டம் சேர்ந்திருந்தது. கடைக்காரர்கூடக் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒருவரும் கரை ஏறவில்லை, ஒருவரும் பேசவில்லை. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“பாருங்க, ஊரே வயிறெரிஞ்சு நிக்குது. உங்களுக்குப் பயந்துக்கிட்டு யாரும் வாயைத் தொறக்கல.”

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“வேலையை ஆரம்பிங்க.”

“அந்தத் தாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டாச்சு. அவ ரொம்ப அடம் புடிச்சா. கலங்கல் தண்ணியைப் பாத்த அப்புறம் வெட்டச் சொல்லிட்டா.”

பிள்ளையைப் பறிகொடுத்தவளை ‘அவ, இவ’ என்று பேசியது அவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. ரம்பத்தைத் தூக்கித் தோளில் மாட்டினான்.

“பெத்தவங்க அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாங்க. உங்க பேச்சை நம்பி வெட்டிட்டு, நாளைக்கு அவங்க மண்ணை வாரித் தூத்தினா என் புள்ளைங்க தலையிலதான் விடியும். அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால ‘வெட்டு’ன்னு சொல்லட்டும். மறுபேச்சு பேசாம வெட்டறேன்.”

அவள் மரத்தை நெருங்கினாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து ஒருமுறைகூடப் பார்க்காத அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“காலையிலேருந்து அவ வாயாலதான் சொல்லிக்கிட்டு இருக்கா அண்ணே,” என்றாள். “வெட்டுங்க.”